மாதக் கடைசியில் கையில் ஏதாவது மிஞ்ச, வீட்டில் எங்கே செலவைக் குறைக்கலாம்?

ஈரோட்டில் நால்வர் குடும்பம், இருபதாம் தேதிக்கே கை காய்ந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மின் கட்டண அட்டையிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரைக்கான மலிவு விலையும் போய்விடுகிறது. 495இல் நின்ற வீட்டைவிட 505 வந்த வீடு 200 ரூபாய்க்கு மேல் அதிகம் கட்டும். அதனால் கணக்கெடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அடுப்பு. நம் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு ஈடான சிக்கனச் சமையல் எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம் பருப்பு, கைப்பிடி சின்ன வெங்காயம், நான்கைந்து பல் பூண்டு, ஒரே குக்கர். சோற்றுக்கும் குழம்புக்கும் தனித்தனியாக அடுப்பு எரிய வேண்டியதில்லை. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்தான். அரை மணி நேரம் ஊறவைத்தால் நன்றாகக் குழையும்.

காய்கறிக்கு உழவர் சந்தை. தவணைக்குப் பொருள் எடுப்பதை ஒரு வருடம் நிறுத்துங்கள். பிள்ளைகளின் பாலிலும் முட்டையிலும் மட்டும் தயவுசெய்து கைவைக்காதீர்கள்.