ஸ்வானேதி மலைக் கிராமங்கள்: கேட்டதற்கெல்லாம் பதில்

மேல் ஸ்வானேதிக்கு நான்கு முறை போய்விட்டு வந்தவன் என்று தெரிந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரு நாள் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன். காக்கசஸ் மலைக்குள், ஜார்ஜியா நாட்டின் வடமேற்கு மூலையில் இருக்கிறது ஸ்வானேதி. அங்குள்ள உஷ்குலி கிராமத்தின் ஒரு பகுதியான சாஜாஷி என்ற சிற்றூரை 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். வீட்டுக்கு வீடு கல் கோபுரம், அதுதான் அந்த ஊர்களின் அடையாளம்.

சேலம் வாசகர்: ஜார்ஜியா என்றால் அட்லாண்டா பக்கமா?

இல்லை. அது அமெரிக்க மாநிலம்.

ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கும் மாணவி: நாலு நாள் லீவு. நாங்கள் ஐந்து பேர். எப்படிப் போவது?

ரயிலில் ஜுக்திதி போங்கள். அங்கிருந்து மேல் ஸ்வானேதியின் முக்கிய ஊரான மெஸ்தியாவுக்கு மார்ஷ்ருத்கா என்கிற வேன். தூரம் 140 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எங்குரி ஆற்றை ஒட்டியே வளைந்து வளைந்து ஏறும். வாந்தி வருகிறவர் முன்சீட்டைப் பிடிக்கட்டும். மெஸ்தியா 1,500 மீட்டர் உயரம், உஷ்குலி 2,100. ஊட்டி 2,240 என்பதால் மூச்சு முட்டுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் குளிர் ஊட்டிக் குளிர் இல்லை, வருடத்தில் பாதி பனிதான்.

என் ஒரே வேண்டுகோள்: உஷ்குலியை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பகலில் ஜீப்புகள் வந்து இறக்கிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் அள்ளிக்கொண்டு போய்விடும். அதுவரை அது கண்காட்சி மைதானம் மாதிரி இருக்கும். ஜீப்புகள் கிளம்பியதும் மாடுகள் தானாகவே தெருவேறி வீடு திரும்பும். சந்துக்குச் சந்து சாணி வாசம், ஒரு பாட்டி வாளியோடு வெளியே வருவார், ஷ்காரா சிகரம் சிவந்துகொண்டிருக்கும். ஊர் அப்போதுதான் ஊராகிறது. ஒரு ராத்திரியாவது தங்குங்கள். மெஸ்தியாவிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவை வாசகர்: விசா?

ஜார்ஜிய அரசின் இ-விசா தளத்தில் பாருங்கள். விதி மாறிக்கொண்டே இருக்கும், நான் சொல்லி நீங்கள் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மயிலாப்பூர் வாசகி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை. தஷ்மிஜாபி என்று ஒன்று: உருளைக்கிழங்கை மசித்து, சீஸ் போட்டு, கம்பி கம்பியாக இழுபடும்வரை கிண்டித் தருவார்கள். லோபியோ என்பது பீன்ஸ் குழம்பு. கத்தரிக்காயில் வால்நட் விழுது தடவிய பத்ரிஜானியும் உண்டு. எச்சரிக்கை ஒன்று. குப்தாரி என்ற ரொட்டி பார்க்க சீஸ் ரொட்டி கச்சாபுரி மாதிரியே வட்டமாக இருக்கும், உள்ளே கொத்திய மாமிசம். கேட்டுவிட்டுப் பிய்யுங்கள். 'சமர்க்வோ' என்ற சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். கிறிஸ்தவ விரத நாட்களுக்கான சாப்பாடு அது; மாமிசமும் இல்லை, பாலும் இல்லை.

ஸ்வான் உப்பு ஒரு பொட்டலம் வாங்காமல் வராதீர்கள். பூண்டு, கொத்தமல்லி விதை, மிளகாய், நம் வெந்தயத்தின் உறவான நீல வெந்தயம் எல்லாம் உப்போடு இடித்தது. நான் வீட்டில் பிரித்தபோது, 'எந்தக் கடை ஊறுகாய்ப் பொடி இது?' என்று கேட்டார் அம்மா.

திருச்சி வாசகர்: ராணி தமாரா ஆண்ட பூமி என்கிறார்கள். தமாரா, தமிழ்... தொடர்பு உண்டா?

கிடையாது. தாமார் என்பது எபிரேயத்தில் பேரீச்சை. 1184 முதல் 1213 வரை ஆண்ட ராணி அவர். இந்தக் கேள்வி மட்டும் ஆறு பேரிடமிருந்து வந்தது.

நெல்லை, ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர்: கோபுரங்கள் பகையாளிக்குப் பயந்து கட்டியவை என்பது கட்டுக்கதை. பனிச்சரிவைத் தாங்கத்தான் கட்டினார்கள். சரியா?

ஐயா, இதற்காகத்தான் காத்திருந்தேன். முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். பெரும்பாலானவை 9-ம் நூற்றாண்டிலிருந்து 13-ம் நூற்றாண்டு வரை எழுந்தவை. மூன்று முதல் ஐந்து தளம். அடியில் சுவர் தடித்து, மேலே போகப் போக மெலியும். பக்கத்திலேயே மச்சுபி என்ற வீடு. கீழே ஒரே கூடம், நடுவில் அடுப்பு, பொறி பறந்து கூரையில் பற்றாமலிருக்க அதற்கு மேல் தொங்கும் பலகைத் தட்டு. சுற்றிலும் செதுக்கு வேலை செய்த மரத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் மாடுகள் நிற்கும், மேல் பரணில் மனிதர்கள் படுப்பார்கள். மாட்டின் உடம்புச் சூடுதான் குளிர்காலத்து ஹீட்டர். கோடையில் மேல்தளத்துக்குக் குடியேறுவார்கள். அந்த மேல்தளத்திலிருந்துதான் கோபுரத்துக்கு வாசல்.

அந்த வாசலைக் கவனியுங்கள். பனிக்காக மட்டும் கட்டுகிறவன் தரையோடு ஒரு கதவு வைத்திருக்கலாமே? ஏணியை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு எதற்கு? உச்சியில் கீழே பார்த்துக் கல்லெறிய இடுக்குகள் எதற்கு? பனிச்சரிவின் தலையில் கல்லைப் போட்டு என்ன லாபம்?

அதே இன்ஜினியர், மறுபடியும்: 1987 பனிச்சரிவில் வீடுகள் போயின, கோபுரங்கள் நின்றன. அடி அகலம், உச்சி ஒடுக்கம் என்பது பக்கவாட்டு அழுத்தத்துக்கான வடிவம்தானே?

1987 உண்மை. பல டஜன் பேர் இறந்தார்கள். அரசு ஆயிரக்கணக்கானோரைச் சமவெளிக்குக் குடியேற்றியது. கோபுரம் பனியில் உயிர் காக்கும் என்று ஸ்வானேதி மக்களான ஸ்வான்களே சொல்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுண்ணாம்புக் கலவையில் கல்லடுக்கி இருபது மீட்டர் எழுப்பினால், எந்தக் காரணத்துக்குக் கட்டினாலும் அடி அகலமாகத்தான் இருக்கும் ஐயா. இது உங்களுக்கே தெரியும்.

மதுரை வாசகர்: இடையில் வருகிறேன். பழிக்குப் பழி வாங்கும் ஊர், அதற்குத்தான் கோபுரம். வேறென்ன?

நீங்களும் பாதிதான் சரி. மேல் ஸ்வானேதியின் ஒரு பகுதிக்கு 'சுதந்திர ஸ்வானேதி' என்றே பெயர். பிரபு கிடையாது, அதனால் ஊருக்கொரு கோட்டையும் கிடையாது, குடும்பத்துக்கொரு கோபுரம். கொலைப்பகை வந்தால் அந்த வீட்டு ஆண்கள் அதற்குள் முடங்கினார்கள், சரி. மலை தாண்டிக் கொள்ளைக்கு வந்தவர்களுக்கும் அதே கோபுரம்தான் பதில். 1876-ல் ஹால்தே கிராமம் எதிர்த்து நின்றபோது ரஷ்யப் படை அந்த ஊரையே தரைமட்டமாக்கியது. அண்டை வீட்டுச் சண்டையை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்தக் கதை விட்டுப்போகும்.

ஈரோடு வாசகி: சைவ உணவு கிடைக்குமா?

மேலே பார்க்கவும்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: மெஸ்தியாவிலிருந்து உஷ்குலிக்கு நடந்தே போகலாமாமே?

நான்கு நாள் நடை. ஜாபேஷி, அதிஷி, இப்ராரி என்று ஊருக்கு ஊர் தங்கிப் போகலாம், கூடாரம் வேண்டாம். அதிஷிதான் எனக்குப் பிடித்தது. மெஸ்தியா அருங்காட்சியகத்தில் இருக்கும் 897-ம் ஆண்டு சுவிசேஷச் சுவடி அந்தக் குட்டி ஊரின் பெயரில்தான் வழங்குகிறது.

அதிஷியைத் தாண்டினால் பனியாற்றிலிருந்து வரும் ஓடை. பாலம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காலையிலேயே கடந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, முழங்காலளவு தண்ணீர் மதியத்துக்குள் இடுப்பளவாகும். குதிரைக்காரர் நிற்பார், காசு கொடுத்து ஏறிக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை மிச்சம் பிடிக்க நினைத்து இறங்கினேன். ஒரு செருப்பு கருங்கடலுக்குப் போய்விட்டது, கால் விரல்களில் உணர்வு திரும்ப ஒரு மணி நேரம் ஆனது.

சென்னை வாசகர்: ஐரோப்பாவிலேயே உயரமான கிராமம் உஷ்குலிதானே?

பலகையில் அப்படி எழுதியிருப்பார்கள். ஆனால் ரஷ்யாவின் தாகெஸ்தானில் இருக்கும் குருஷ் கிராமம் 2,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது.

தஞ்சாவூர் வாசகர்: பாழடைந்த வீடுகளுக்குள் ஏறிப் படம் எடுக்கலாமா?

பாழடைந்தது என்று யார் சொன்னது? பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு, கோடையில் புல் அறுக்க வருவார். கேட்காமல் ஏறினால் முதலில் நாய் வரும், அப்புறம் அவர் வருவார். உள்ளே பார்க்கத்தானே ஆசை? மெஸ்தியாவில் மார்கியானி வீட்டு அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டணம் கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

ஓசூர் வாசகர்: ஒரே நாளில் உஷ்குலி...

கூடாது.

கடலூர் வாசகர்: சைவ சாப்பாடு...

சமர்க்வோ. சமர்க்வோ. சமர்க்வோ.

நெல்லை இன்ஜினியர், மூன்றாவது முறை: வாசல் மேலே இருப்பது பனி ஆளுயரம் கொட்டும் என்பதால். கீழே கதவு வைத்தால் குளிர்காலத்தில் திறக்கவே முடியாது.

ஐயா, அப்படியானால் மச்சுபிக்கு மட்டும் ஏன் வாசல் தரைமட்டத்தில்? மாடு ஏணி ஏறாது என்பீர்கள். சரி, அது நியாயம்தான். செப்டம்பரில் மறுபடி போகிறேன், வாசல் உயரத்தை டேப் வைத்து அளந்து அனுப்புகிறேன். அந்த உச்சி இடுக்குகளுக்கு மட்டும் ஒரு பதில் யோசித்து வையுங்கள்.