வெறுங்குடத்தோடு திரும்பியவர்கள்

கேள்வி: ஐயா, எங்களுக்கு இரண்டு ஏக்கர் முருங்கைத் தோட்டம். கிணறு வற்றிப்போய், கடன் வாங்கி போர் போட்டோம், அதிலும் தண்ணீர் இல்லை. ஜெபத்துக்கு வந்தவர்கள், “தேசம் பாழானது பாவத்தினால் என்று எரேமியா சொல்கிறாரே, உங்கள் வீட்டில் மறைவான பாவம் இருக்கிறதா பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஆலயத்துக்கு வருவதில்லை. எரேமியா அப்படித்தான் சொல்கிறாரா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இல்லை அம்மா. உங்கள் வீட்டுக்கு வந்து அப்படிச் சொல்லும் அதிகாரத்தை எரேமியா யாருக்கும் கொடுக்கவில்லை.

எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 14-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதாவில் மழை இல்லாத வருஷம். மலைநாடு அது, பாய்ச்சலுக்கு ஆறு கிடையாது. பாறையில் தொட்டி வெட்டி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் குடிக்க வேண்டும். பெரிய வீட்டுக்காரர்கள் சிறுவர்களைத் தண்ணீருக்கு அனுப்புகிறார்கள். தொட்டியில் ஒன்றுமில்லை. அவர்கள் வெறுங்குடத்தோடு, வெட்கப்பட்டு, தலையை மூடிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். வெடித்த நிலத்தைப் பார்த்து விவசாயியும் தலையை மூடிக்கொள்கிறான். காட்டில் ஒரு பெண்மான் குட்டி போடுகிறது, புல் இல்லாததால் குட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. காட்டுக் கழுதைகள் மேட்டில் நின்று காற்றுக்கு வாய் பிளக்கின்றன, அவற்றின் கண்கள் பூத்துப்போகின்றன. குடம் காலி என்பதிலிருந்து கழுதையின் கண்வரைக்கும் கிட்டே நின்று பார்த்த ஒருவர் எழுதியது இது. தெருவில் நின்று வீட்டுக்குள் விரல் நீட்டுகிறவர் இப்படி எழுத மாட்டார்.

அடுத்த வசனத்தில் பாவத்தைப் பற்றிப் பேசுகிறார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் “எங்கள் அக்கிரமங்கள்” என்கிறார். உங்கள் என்று சொல்லவில்லை, தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். “இந்த ஜனத்துக்காக ஜெபிக்காதே” என்று கடவுளே தடுத்த பிறகும், அதே அதிகாரத்தின் கடைசியில் மழைக்காக மறுபடி மன்றாடுகிறார். உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அந்தக் கடைசி வசனம்வரை வாசித்திருக்கலாம்.

அப்புறம், எரேமியா பெயர் சொல்லிக் குற்றம்சாட்டுவது யாரை? கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, கேதுருப் பலகை அடித்து, சிவப்பு வர்ணம் பூசி மாளிகை கட்டிய ராஜா யோயாக்கீமை. பாபிலோன் படையின் முற்றுகைக்குப் பயந்து அடிமைகளை விடுதலை செய்துவிட்டு, எதிரிப் படை கொஞ்சம் விலகியதும் அவர்களை மறுபடி பிடித்துக்கொண்ட எருசலேமின் பெரியவர்களை. சமாதானமே இல்லாதபோது சமாதானம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை. “அநேக மேய்ப்பர்கள் என் திராட்சத்தோட்டத்தை அழித்தார்கள்” என்கிற வார்த்தை 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மேய்ப்பர்கள் என்றால் அங்கே ஆளுகிறவர்கள். என்னைப் போல அங்கி போட்டவர்களும் அதை வாசித்து நடுங்க வேண்டும். போர்க்கிணறு பொய்த்த விவசாயியை அந்தப் பட்டியலில் நான் தேடிப் பார்த்தேன், அவன் அதில் இல்லை.

இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஊழியத்துக்கு வந்த புதிதில் நானும் ஒரு வீட்டில் இதே போலப் பேசினேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குடத்தைச் சாய்த்து, அடியில் கிடந்த தண்ணீரை ஒரு தம்ளரில் வடித்து என்னிடம் நீட்டினார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். நாற்பது வருஷமாகியும் அந்தத் தம்ளர் என் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்றையும் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். எரேமியாவின் சொந்த ஊர் ஆனதோத், எருசலேமுக்குப் பக்கத்தில். அந்த ஊர்க்காரர்களே அவரைக் கொன்றுபோடத் திட்டமிட்டார்கள். பிறகு பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்து நிற்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அப்பாவின் சகோதரர் மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். 17 சேக்கல் (அந்நாள் நிறை அளவு) வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, கிரயப் பத்திரம் எழுதி வாங்குகிறார். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று. இரண்டும் நெடுநாள் கெடாமல் இருக்க வேண்டும் என்று மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். வாங்கி முடித்ததும், “நகரமே கைவிட்டுப் போகிறது, என்னை நிலம் வாங்கச் சொன்னீரே” என்று கடவுளிடமே கேட்கிறார். அவருக்கே விளங்கவில்லை. ஆனாலும் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்காரரை ஆலயத்துக்கு வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். உங்கள் ஆயரை ஒரு சாயங்காலம் தோட்டத்துக்கு வரச்சொல்லுங்கள். ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: புலம்பல் புத்தகத்தில் “நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே” என்ற வசனம் போதாதா? மற்றதெல்லாம் மனதைச் சோர்வாக்குகிறது.

பதில்: எருசலேம் அழிந்ததற்காக அழுகிற புத்தகம் புலம்பல். காலண்டரில் அந்த வசனம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மூன்றாம் அதிகாரத்தின் நடுவில் இருக்கிறது, முன்னும் பின்னும் அழுகை. முதல் நான்கு அதிகாரங்கள், நம் ஆத்திசூடி போல, எபிரெய அகரவரிசையின் 22 எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு போகின்றன. ஐந்தாவதில் வசனம் 22 தான், எழுத்து வரிசை மட்டும் இல்லை. “எங்களை முற்றிலும் தள்ளிவிட்டீரோ” என்பது போன்ற வேதனையில் புத்தகம் முடிகிறது. யூதர்கள் ஆலயம் இடிந்த நாளில் தரையில் உட்கார்ந்து இதை வாசிக்கிறார்கள். கடைசி வசனம் தாங்க முடியாததால், “எங்களைத் திருப்பும்” என்கிற அதற்கு முந்தைய வசனத்தை இன்னொரு முறை சொல்லி முடிப்பது வழக்கம். ஆனாலும் கடைசி வசனத்தை அவர்கள் விட்டுவிடுவதில்லை. நாமும் முழுவதையும் வாசிப்போம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். தேசம் பாழானதாக எரேமியா சொல்வது கவிஞரின் மிகைதானே?

பதில்: இல்லை தம்பி. பாபிலோன் படை வந்தபோது யூதாவின் அரணான பட்டணங்களில் லாகீஸும் அசெக்காவும் மட்டுமே மிஞ்சின என்று 34-ஆம் அதிகாரம் சொல்கிறது. 1935-ல் லாகீஸ் கோட்டை வாசலில், சாம்பலுக்குள், மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. அதில் ஒன்றில், லாகீஸின் தீ அடையாளத்துக்காகக் காத்திருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்று எழுதியிருக்கிறது.

எருசலேமில் தாவீதின் நகரத்தைத் தோண்டியபோது, எரிந்த வீடு ஒன்றில் 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. ஒன்றில் “சாப்பானின் மகன் கெமரியா” என்ற பெயர். எரேமியாவின் வார்த்தைகளை எழுதிய சுருளை எரிக்க வேண்டாம் என்று ராஜா யோயாக்கீமிடம் கெஞ்சினாரே, அந்தக் கெமரியாதான் இவர் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ராஜா கேட்கவில்லை, எரித்துவிட்டான். பிறகு நகரம் எரிந்தபோது, அந்த வீட்டில் முத்திரையிட்டு வைத்திருந்த ஏடுகள் எல்லாம் சாம்பலாயின. களிமண் மட்டும் அதே நெருப்பில் வெந்து இறுகிக் கிடந்தது.