காப்பீட்டுக்காக அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 10 மாதம். வலது விரை விதைப்பைக்குள் இறங்கவில்லை. தடவிப் பார்த்தும் தட்டுப்படாததால் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டு, கேமராவைச் செலுத்திச் செய்யும் அறுவை சிகிச்சை) செய்ய வேண்டும், அது இரண்டு கட்டமாகவும் போகலாம் என்கிறார் மருத்துவர். எங்கள் காப்பீட்டில் பிறவிக் குறைபாடுகளுக்கு 2 ஆண்டு காத்திருப்புக் காலம் உண்டு. மகனைச் சேர்த்து 6 மாதமே ஆகிறது. அதுவரை பொறுக்கலாமா, அவனுடைய வைப்புத்தொகையை எடுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். காத்திருப்புக் காலம் முடியும்போது உங்கள் மகனுக்கு 28 மாதம் ஆகியிருக்கும். 6 மாதத்துக்குப் பிறகு விரை தானாக இறங்குவது அரிது என்பதால், 18 மாதத்துக்குள் சிகிச்சையை முடித்துவிடவே மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தாமதமாகும் அளவுக்கு விந்தணு உற்பத்தித் திறன் குறைகிறது, பிற்காலப் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. பிரீமியம் கட்டியதற்குப் பலன் வேண்டுமே என்ற ஆதங்கம் நியாயம்தான், ஆனால் இங்கே அது தவறான கணக்கு.

செலவு எவ்வளவு என்பது கேமரா உள்ளே போன பிறகுதான் தெளிவாகும். விரை வளராமலே மறைந்துபோயிருந்தால் பெரும்பாலும் அத்தோடு முடியும். அடிவயிற்றில் தாழ்வாக இருந்தால் ஒரே அமர்வில் இறக்கிப் பொருத்திவிடுவார்கள். மிக மேலே இருந்தால் முதலில் விரைக்குச் செல்லும் இரத்தக்குழாயைக் கட்டிவிட்டு, ஏறக்குறைய 6 மாதம் கழித்து இரண்டாம் கட்டமாக விரையை இறக்குவார்கள். ஆகவே மயக்க மருந்துக் கட்டணம் உட்பட மூன்று நிலைகளுக்கும் தனித்தனி மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். (விரையைத் தேட ஸ்கேன் எடுக்கச் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள், பெரும்பாலும் அது முடிவை மாற்றுவதில்லை.)

வைப்புத்தொகையை முழுவதுமாக உடைக்க வேண்டியதில்லை. முதல் கட்டத்துக்குத் தேவையானதை மட்டும் பகுதியாக எடுக்க முடிந்தால், வட்டியில் சிறிது குறையும், அவ்வளவே. முடியாவிட்டால் அதன்மீதே கடன் கேளுங்கள், தனிநபர் கடனைவிட வட்டி பொதுவாகக் குறைவு. இரண்டாம் கட்டம் தேவைப்பட்டால், இடையிலுள்ள மாதங்களில் அதற்கெனச் சேமிக்கலாம்.

இதற்கிடையே பாலிசியில் ‘பிறவிக் குறைபாடு’ எப்படி வரையறுக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். இந்தச் சிகிச்சை அதில் அடங்குமா என்று நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். இப்போது வேறு பாலிசிக்கு மாறினால் நோயறிதலைக் கட்டாயம் தெரிவியுங்கள், மறைத்தால் பின்னாளில் தொடர்பில்லாத கோரிக்கைகூட நிராகரிக்கப்படக்கூடும்.