ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது?

கேள்வி: மதுரையில் சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். ஆன்லைன் ஆர்டர் வசதியோடு வெப்சைட்டைப் புதுப்பிக்க ஒருவரிடம் 45,000 ரூபாய் கொடுத்தேன். பாதி வேலையில் தகராறு. இப்போது பழைய சைட்டும் திறக்கவில்லை. டொமைன், அதாவது சைட்டின் இணைய முகவரி, அவர் பெயரில் இருக்கிறதாம்; இன்னும் 20,000 கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். நம்பிப் பணம் கொடுத்தது குற்றமில்லை, அதை வைத்து மிரட்டுவதுதான் குற்றம். பில், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு வக்கீல் நோட்டீஸ் விடுங்கள். டொமைனை மாற்றித் தரவும், சைட்டின் பேக்கப்பைத் தரவும் தேதி குறித்துக் கேளுங்கள். முகவரி 'டாட் இன்' என்று முடிந்தால், கடைப் பெயரில் உங்களுக்குள்ள உரிமையைக் காட்டி அந்த முகவரிகளை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பிடம் புகார் தரவும் வழி உண்டு, நடுவர் விசாரிப்பார்.

மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன். டொமைன் என்பது கடையின் பட்டா. வருடத்துக்குச் சில நூறு ரூபாய், மிஞ்சினால் ஆயிரம் சொச்சம். அதைப் போய் "நாங்களே பாத்துக்கறோம் சார்" என்பவரிடம் விடுவானேன்? கணக்கு உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் இருக்கட்டும். டிசைனருக்கு உள்ளே வந்து வேலை செய்ய அனுமதி மட்டும் போதும். ஹோஸ்டிங் (சைட் குடியிருக்கும் சர்வர் இடம்), பேமெண்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை), கூகுள் மேப்பில் வரும் கடை விவரம், எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முன்பணம் கொடுக்கும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தக் கணக்குகளுக்குள் நுழைய ஓ.டி.பி. யார் போனுக்கு வரும்?

கேள்வி: 9,999 ரூபாய்க்கு சைட், வாழ்நாள் பராமரிப்பு இலவசம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 'வாழ்நாள் சர்வீஸ்' தண்ணீர் ஃபில்டர் ஒன்று என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. கம்பெனிதான் முதலில் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: கேட்வேக்கு 2 சதவீதம், மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யாம். 20 சதவீதம் போனால் என்ன மிஞ்சும்?

பதில்: வரி கமிஷனுக்குத்தான், கேக்குக்கு இல்லை. 1,000 ரூபாய்க்கு 23 ரூபாய் 60 காசு.

கேள்வி: கோயம்புத்தூரில் பேக்கரி. புது சைட்டில் ராத்திரி 11 மணிக்கு ஆர்டர் போட்டுக் காலை 8 மணிக்கு 2 கிலோ கேக் கேட்கிறார்கள். சென்னையிலிருந்து பஃப்ஸ் ஆர்டர் வருகிறது. டிசைனரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: நீங்கள் இணைத்திருந்த ஒப்பந்தத்தைப் படித்தேன். "லுக் மாடர்னா இருக்கணும், கலர் பிங்க்." அவ்வளவுதான். எத்தனை மணியோடு ஆர்டரை நிறுத்த வேண்டும், எந்தெந்தப் பின்கோடுக்கு டெலிவரி, முட்டையில்லாத கேக்குக்கு எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும், பஃப்ஸ் தீர்ந்தால் யார் ஆஃப் செய்வது? இதில் ஒன்றாவது சொன்னீர்களா? ஓவன் உங்களுடையது, அது எப்போது சூடாகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பணம் திரும்பாது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கூடுதல் வேலைக்குக் கூலி பேசுங்கள். முடிந்ததும் வீட்டிலுள்ள பழைய போனில் சைட்டைத் திறந்து ஒரு தேங்காய் பன் ஆர்டர் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரு பேக்கரி சைட்டில் கேக் வாங்கினேன். நான் கேட்காமலே மெழுகுவர்த்தி, கத்தி என்று 60 ரூபாய் சேர்ந்திருந்தது.

பதில்: கேட்காததைக் கூடையில் நுழைப்பதை 2023-லேயே மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடை செய்துவிட்டன. முதலில் கடையில் கேளுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். பேக்கரி முதலாளிகளே, "சேல்ஸ் ஏறும் சார்" என்று டிசைனர் இதைக் கொண்டுவந்தால் தானாக விழுந்திருக்கும் அந்த டிக்கை எடுக்கச் சொல்லுங்கள். புகார் உங்கள் கடை மேல்தான் வரும், அவர் மேல் அல்ல.