விண்டோஸ் பாதியில் நிற்கிறது: எந்தப் பாகத்தில் பிழை?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கொழும்பில் பாகங்கள் வாங்கி நானே ஒரு மெசின் பூட்டினேன். ரைசன் 5 5600, பி450 மதர்போட், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. 8 ஜிபி றாம் இரண்டு. ஒன்று புதிது, மற்றது பழைய மெசினில் கழற்றியது. பவர் சப்ளையும் பழையதுதான். விண்டோஸ் 11 போடத் தொடங்கினால் ஒருக்கால் 30 வீதத்தில் நிற்கிறது, ஒருக்கால் 70 வரை போய் நீலத் திரை வருகிறது. 80070570 என்று ஒரு பிழை எண்ணும் வந்தது. விண்டோஸ் கொப்பி பிழை என்கிறார் கடைக்காரர். போட் பழுது என்கிறார் நண்பர். எதை மாற்றுவது?"

இப்போதைக்கு எதையும் காசு கொடுத்து மாற்ற வேண்டாம். பாதி விடை உங்கள் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது. விண்டோஸ் போடும் பென்ட்ரைவில் ஒரு கோப்பு பழுதாகியிருந்தால், அந்தக் கோப்பு வரும்போதெல்லாம், கிட்டத்தட்ட அதே வீதத்தில், அதே எண்ணோடு நிற்கும். உங்களுக்கு நிற்கும் இடமும் மாறுகிறது, வரும் பிழையும் மாறுகிறது. அப்படியென்றால் முதல் சந்தேகம் றாம் மீதுதான்.

பென்ட்ரைவில் விண்டோஸ் முழுவதும் இறுக்கிச் சுருக்கிய ஒரே பெரிய கோப்பாக இருக்கிறது. நிறுவும்போது அது றாமில் விரிக்கப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, பிறகே எஸ்எஸ்டிக்குப் போகிறது. வழியில் ஒரேயொரு பிட் (0 அல்லது 1, தரவின் மிகச் சிறிய துண்டு) புரண்டாலும் சரிபார்ப்புத் தவறும். "கோப்பு பழுது" என்று 80070570 வரும். உண்மையில் பென்ட்ரைவில் உள்ள கோப்பு நல்லதாகவே இருக்கலாம். அதே பிட் விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் நினைவகப் பகுதியில் புரண்டால் நீலத் திரை. அதனால்தான் ஒரே கோளாறு இரண்டு விதமாகத் தெரிகிறது.

செய்ய வேண்டியது இதுதான். பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போட்டின் அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பியை, அதாவது றாமைக் கூடிய வேகத்தில் ஓட்டும் அமைப்பை, நிறுத்துங்கள். சில போட்களில் அது டிஓசிபி அல்லது ஏ-எக்ஸ்எம்பி என்றிருக்கும். பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்தாலும், அந்த வேகம் பல றாம்களில் எக்ஸ்எம்பியைப் போட்டால்தான் கிடைக்கும். அதை நிறுத்தினால் 2133, 2400 அல்லது 2666க்கு இறங்கி ஓடும். இரண்டு வேறு றாம்களைச் சேர்த்துப் போட்டிருக்கும் உங்கள் மெசினில் இது ஒன்றே பிரச்சினையைத் தீர்த்துவிடவும் கூடும்.

தீரவில்லையா? மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, புதிய றாமை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றுங்கள். நான்கு ஸ்லொட் உள்ள போட் என்றால் புரசசரில் இருந்து எண்ணி இரண்டாவதில் போடுங்கள். போட்டில் ஏ2 என்று எழுதியிருக்கும். பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெல்லத் துடைத்து, தூளை ஊதிவிட்டு, கிளிப் 'டிக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டி, மறுபக்கம் ஒரு மயிரிழை தூக்கி நிற்பது கண்ணுக்கு இலகுவில் தெரியாது. புதிதாகப் பூட்டிய மெசின்களில் அடிக்கடி நடப்பது இது.

அடுத்து மெம்டெஸ்ட்86 என்ற, றாமைச் சோதிக்கும் மென்பொருள். இலவசம். வேறொரு மெசினில் பென்ட்ரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, நான்கு சுற்றும் ஓடி முடியும்வரை இரவு விட்டுவிடுங்கள். சிவப்பில் ஒரு வரி வந்தாலும் அது தோல்விதான். "ஒன்றுதானே" என்று சமாதானம் சொல்லக்கூடாது. பிறகு பழைய றாமையும் அதே ஸ்லொட்டில் தனியாகச் சோதியுங்கள். ஒன்று மட்டும் தவறினால் அந்த றாம் பழுது. இரண்டும் அந்த ஸ்லொட்டில் தவறி வேறு ஸ்லொட்டில் தேறினால் போட்டிலோ புரசசர் கால்களிலோ கோளாறு. தனித்தனியே தேறி, சேர்ந்தால் தவறினால் இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. அப்போது ஒன்றோடு ஓட்டலாம், அல்லது ஒரே பெட்டியில் சோடியாக வரும் றாம் வாங்கலாம்.

புரசசரைக் கழற்றிப் பார்ப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். உங்கள் ரைசனில் கால்கள் புரசசரின் அடியில்தான் இருக்கின்றன. கூலரை நேரே மேலே இழுத்தால், பூட்டியிருக்கும் சொக்கற்றில் இருந்து புரசசரும் சேர்ந்து பிடுங்கி வந்துவிடும். மெசினைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, வயரைக் கழற்றியபின் கூலரை இடமும் வலமுமாகத் திருகி எடுக்க வேண்டும்.

றாம் தேறிவிட்டால் மட்டும் கடைக்காரரின் பேச்சைக் கேளுங்கள். மைக்ரோசொஃப்டின் தளத்தில் இருந்து ஐஎஸ்ஓவை (விண்டோஸ் நிறுவல் முழுவதும் அடங்கிய கோப்பு) நேரடியாக இறக்குங்கள். 5 ஜிபிக்கு மேல் வரும், ஆதலால் இரவு டேற்றாவில் போடுவது நல்லது. இறக்கிய பின் செவன்-சிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் வலது கிளிக் மெனுவில் எஸ்எச்ஏ-256ஐ (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுத்து, தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இந்த வேலைகளைச் சந்தேகத்துக்குரிய மெசினில் செய்யவே கூடாது. பழுதான றாம் வழியாக எழுதிய பென்ட்ரைவும் பழுதாகத்தான் வரும். நிறுவும்போது பென்ட்ரைவைப் பின்பக்க யுஎஸ்பி 2.0 துளையில் செருகுங்கள், முன்பக்க வயரை நம்ப வேண்டாம்.

நீலத் திரையே வராமல், எச்சரிக்கை எதுவுமின்றி மெசின் தானாக றீஸ்டார்ட் ஆனால் கதை வேறு. அது பெரும்பாலும் மின்சாரம் அல்லது சூடு. கிணற்று மோட்டர் போடும் நேரத்தில் லைற் மங்குகிறதா, அதே நொடியில் மெசினும் விழுகிறதா என்று கவனியுங்கள். வயதான பவர் சப்ளையால் அந்தச் சிறு இறக்கத்தைத் தாங்க முடியாமல் போகும். நல்ல நிலையில் உள்ள வேறொரு பவர் சப்ளையை இரவல் வாங்கிப் பூட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. எர்த் இல்லாத இரண்டு பின் அடப்டரில் கொடுத்திருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். சூட்டைப் பயோஸிலேயே பார்க்கலாம்: சும்மா இருக்கும்போது 40, 50 பாகையில் நின்றால் பயமில்லை. ஏறிக்கொண்டே 90ஐ நெருங்கினால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அடியில் உள்ள பிளாஸ்ரிக் தாளை உரிக்கவில்லை.

பி450 உங்கள் புரசசருக்கு முந்திய போட். ஆகவே உற்பத்தியாளரின் தளத்தில் உள்ள கடைசிப் பயோஸை யுபிஎஸ்ஸில் வைத்து ஏற்றுங்கள். நடுவில் கரண்ட் போனால் போட் எழும்பாது. இன்ரெல் 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்களுக்கும் இது கட்டாயம். அவற்றில் மின்னழுத்தக் கோளாறால் இதேபோல விழும் பிரச்சினை இருந்தது, திருத்தம் 2024 ஓகஸ்டில் இருந்து பயோஸ் வழியாகவே வருகிறது.

எல்லாம் சரிவந்தபின், முன்பு பாதியில் நின்ற நிறுவலின் மேல் தொடர வேண்டாம். பழைய ஹாட் டிஸ்க் பூட்டியிருந்தால் அதன் சாற்றா வயரைக் கழற்றுங்கள். தவறான டிஸ்க்கை அழிப்பதற்கும், பூட் கோப்புகள் அதற்குள் போய் விழுவதற்கும் இடமிருக்காது. பிறகு எஸ்எஸ்டியில் உள்ள பகுதிகள் முழுவதையும் அழித்து, ஒதுக்கப்படாத வெற்றிடத்தைத் தெரிவு செய்து புதிதாகப் போடுங்கள். எக்ஸ்எம்பி வேண்டுமென்றால் விண்டோஸ் முழுதாக ஏறியபின் போட்டு, மெம்டெஸ்ட்டை மறுபடி ஓடவிடுங்கள். தவறினால் 2933க்கு இறக்கிப் பாருங்கள். பழுது புதிய றாமில்தான் என்று தெரிந்தால், சிவப்பு வரி தெரியும் திரையைப் படமெடுத்துப் பற்றுச்சீட்டோடு கடைக்குக் கொடுங்கள். றாமில் உள்ள ஸ்ரிக்கரை மட்டும் உரித்துவிடாதீர்கள்.