‘விதி’ என்று சொல்வதற்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்கள் பலவும் பிள்ளைகளைப் பற்றியவை. அக்கம்பக்கத்தில் மனத்தாங்கல் வரக்கூடாது என்பதற்காக எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) 14 வயதுப் பெண்பிள்ளையைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப் பேசி முடித்துவிட்டார்கள். தரகர் முன்பணமும் கொடுத்தாயிற்று. அந்தத் தாய் எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி. முறைப்பாடு செய்தால் காலத்துக்கும் பகை. செய்யாமல் இருந்தால் தூக்கம் வராது. என்ன செய்யட்டும்?
– வாசகி, அக்கரப்பத்தனை

பதில்: இலங்கையில் ஒருவரை வேலைக்கு எடுக்கக்கூடிய குறைந்த வயது 16. முன்பு 14 ஆக இருந்ததை 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் உயர்த்தியது. 5 வயது முதல் 16 வரை பள்ளிக்கூடம் கட்டாயம். ஆகவே பெற்றோர் சம்மதித்தாலும், பிள்ளையே ‘நான் போறேன்’ என்றாலும், அந்தப் பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டத்துக்குப் புறம்பானது. முன்பணம் வாங்கியாயிற்றே என்று அக்கா பயப்படலாம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், தவணையில்கூடக் கொடுக்கலாம். பணத்துக்கு ஈடாகப் பிள்ளையைக் கொடுக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

‘சொந்தப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார்கள்’ என்று தரகர் சொல்லியிருப்பார். சொந்தப் பிள்ளையை யாரும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பாத்திரம் கழுவ வைப்பதில்லை. 2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்புக்குப் போன 16 வயதுச் சிறுமி எரிகாயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தபோது மலையகம் முழுக்க ஊர்வலம் போனது. அந்தக் கோபத்தில் கொஞ்சம், பிள்ளை பஸ் ஏறும் நாளிலேயே நம்மிடம் இருந்திருக்க வேண்டும்.

அக்காவிடம் பேசப் போகும்போது சட்டத்தை முன்னால் வைக்காதீர்கள். ஏன் அனுப்புகிறார் என்று கேளுங்கள். கடைக் கடனா, பள்ளிக்கூடத்துக்கு பஸ் காசு இல்லையா, வீட்டில் பெண்பிள்ளையைத் தனியே விட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகப் பயமா? காரணத்தைத் தொடாமல் ‘அனுப்பாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், கடன் அப்படியே நிற்கும், அடுத்த மாதம் தரகர் திரும்ப வருவார். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். அவரிடம் அக்காவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) கிடைக்காமல் இருந்தால் அதையும் அங்கேயே கேட்கலாம். அதிபரிடமும் சொல்லி வையுங்கள். பிள்ளை வராத முதல் வாரத்திலேயே ஆள் விட்டுத் தேடும் அதிபர்தான் பல பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார்.

பேச்சு எடுபடவில்லை என்றால் 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பகைக்கு அஞ்சுகிறவர்களுக்கு இது முக்கியம். ஆனால் அழைக்கும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: பிள்ளையின் பெயர், வயது, பாடசாலை, வகுப்பு, தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), லய இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, தரகரின் பெயர், போன் இலக்கம், வந்துபோகும் வாகனத்தின் இலக்கம், கூட்டிப்போகச் சொன்ன தேதி. பல முறைப்பாடுகள் வீணாவது இங்கேதான். ஒரே தோட்டப் பெயரில் மேல் டிவிசன், கீழ் டிவிசன், புது டிவிசன் என்று இருக்கும்போது ‘அந்தத் தோட்டத்துப் பிள்ளை’ என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பேசி முடித்ததும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, தேதியோடு குறித்து வையுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த இலக்கத்தைச் சொல்லி மறுபடி அழைக்கலாம்.

பிள்ளை ஏற்கெனவே போய்விட்டால், தாய் தினமும் பேசட்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுகிறார்கள், சம்பளம் பிள்ளை கைக்கு வராமல் தரகரிடம் போகிறது, வீட்டு முகவரியைச் சொல்ல மறுக்கிறார்கள் என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. தாயும் மாமாவும் தனியாகப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். திருட்டுப் பழி போட்டுப் பிள்ளையையே பொலிஸில் ஒப்படைத்த சம்பவங்கள் உண்டு. 1929க்கும், அந்த வீடு இருக்கும் பகுதிப் பொலிஸின் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்துக்கும் சொல்லிவிட்டு, அவர்களோடு போங்கள்.

கேள்வி: எங்கள் மேட்டு லயத்துக்குப் பின்னால் மண்ணில் வெடிப்பு இருக்கிறது. இராத்திரி மழை கொட்டும்போது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவதா இல்லையா என்று தெரியாமல் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறோம். எப்போது வெளியேற வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.
– வாசகர், ஹல்துமுல்லை

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே, கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் மாலையில் திரும்பிவர வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்கள் அதே துயரத்தை மறுபடி பார்த்தன. இதற்குப் பிறகும் ‘ஆண்டவன் விட்ட வழி’ என்று உட்கார்ந்திருக்க முடியாது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்துத்தான் எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும் (மஞ்சள்). 100 மில்லிமீற்றர் ஆனால் வெளியேறத் தயாராக வேண்டும் (செம்மஞ்சள்). 150 மில்லிமீற்றர், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் வெளியேறிவிட வேண்டும் (சிவப்பு). வெடிப்பு இருக்கிற லயத்தில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் செம்மஞ்சளிலேயே அனுப்பிவிடுங்கள். முந்திய நாட்களிலும் மழை பெய்து மண் ஊறியிருந்தால் இன்னும் முன்னதாகவே.

இந்த மழையை நீங்களே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கங்கள் நேராக இருக்கும் பெரிய பால்மா டின் ஒன்று போதும். 20 சென்ரிமீற்றர் உயரமாவது இருக்கட்டும். கூரைத் தண்ணீரோ மரத்துத் தண்ணீரோ விழாத வெளியில், சரியாமல் இரண்டு கல்லுக்கு நடுவே வையுங்கள். பள்ளிக்கூட அடிமட்டத்தை உள்ளே நிமிர்த்தி நிறுத்தினால் தண்ணீர் நிற்கும் உயரம்தான் மழையின் அளவு: ஏழரைச் சென்ரிமீற்றர் என்றால் 75 மில்லிமீற்றர். அடிமட்டத்தின் முனையில் பூச்சியத்துக்கு முன் இருக்கும் சிறு இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாளி வைத்து அளக்காதீர்கள். வாய் அகன்று அடி குறுகியிருப்பதால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். சோடாப் போத்தலும் ஆகாது. அதன் அடி வளைந்திருக்கும், வாய் குறுகியிருக்கும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளவைக் கொப்பியில் எழுதிவிட்டுக் கொட்டுங்கள். மழை இரவில் லயத்துக்கு ஒருவர் முறை வைத்து மணிக்கொரு தடவை பார்க்கட்டும்.

டின்னில் தண்ணீர் குறைவாக இருந்தாலும் இவற்றில் ஒன்றைக் கண்டால் உடனே கிளம்புங்கள்: நேற்றுவரை சாத்திய கதவு இன்று இறுகுவது, சுவரில் அல்லது இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) புது வெடிப்பு, மரமும் லைட் கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, ஓடிக்கொண்டிருந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது.

எங்கே போவது என்பதை வெயில் நாளிலேயே முடிவு செய்யுங்கள். கானும் (வடிகாலும்) ஓடையும் இறங்கும் பள்ளத்தில் உள்ள கட்டடம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வேண்டாம். பாடசாலைக்குத்தான் போவது என்றால் சாவி யாரிடம் இருக்கிறது, இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்ப யார் போவது என்று பெயர் குறித்து வையுங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் பிள்ளைகள் மழையில் நிற்பது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. மழை விட்டதும் திரும்பி வராதீர்கள். ஊறிய மண் மழை ஓய்ந்த பிறகும் இறங்கும்.

வெடிப்பைப் பற்றித் தோட்ட அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. வாயால் சொன்னதை, ஏதாவது நடந்த பிறகு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லிவிட முடியும்.

கேள்வி: மூன்று மாதப் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறேன். பால் கொடுக்க வந்தால் கங்காணி முகம் சுளிக்கிறார். நிறை போடும்போது பரவாயில்லையா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: பால் கொடுக்கும் நேரம் கங்காணி தருகிற சலுகை இல்லை, சட்டம் தந்தது. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு தடவை போகலாம். மடுவம் இருக்கிற இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையாமலும், மடுவம் இல்லாத இடத்தில் ஒரு மணிக்குக் குறையாமலும். இதைத் தோட்டத் தலைவரிடம் சொல்லிப் பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) வைத்தே பேசச் சொல்லுங்கள்.

நிறை அட்டையில் ஒரு மாத எண்ணைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள். கோடு மேலே ஏறாமல் இரண்டு மாதம் படுத்துவிட்டால், பிள்ளை சுறுசுறுப்பாக இருந்தாலும் மருத்துவ மாதுவிடம் காரணம் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். ‘நம்ம பிள்ளைகள் குள்ளம்தான்’ என்று நாமே சொல்லிப் பழகிவிட்டோம். அது இரத்தத்தில் வந்த குள்ளம் அல்ல.

மடுவத்துக்குள் போகும்போது மூன்றைக் கவனியுங்கள். அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தடுப்பு இருக்கிறதா? தண்ணீர் வாளிக்கும் பீப்பாய்க்கும் மூடி இருக்கிறதா? (தவழும் பிள்ளை மூழ்க வாளியின் அடியில் கிடக்கும் தண்ணீரே போதும்.) பிள்ளையை யார் கூட்டிப்போகலாம் என்று பெயர் எழுதிய கொப்பி இருக்கிறதா? இல்லாதவற்றுக்கு மடுவத்து அக்காவைத் திட்டாதீர்கள். ஒருவரே சமைத்து, கழுவி, பிள்ளைகளையும் பார்க்கிற இடத்தில் குறை அவருடையது அல்ல.

கேள்வி: பள்ளிக்கூடம் போகிற வழியில் பெரிய குளவிக்கூடு. பிள்ளைகளைக் கொட்டினால் என்ன செய்வது?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: கூட்டைக் கலைக்கும்வரை வழியை மாற்றுங்கள், கல்லெறிய, புகை போட முயல வேண்டாம். தேயிலை மலையின் இலக்கம், மரம் எல்லாம் குறித்து அலுவலகத்துக்கும் அதிபருக்கும் கடிதம் கொடுங்கள். கலைந்து வந்தால் பையால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு கட்டடத்துக்குள் ஓடச் சொல்லிப் பழக்குங்கள். கையை வீசினால் இன்னும் கொட்டும். தோலில் கொடுக்கு நின்றால் நகத்தாலோ அடிமட்டத்தாலோ உடனே வழித்து எடுங்கள். எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுப்பது என்பதே முக்கியம். சுண்ணாம்பு தடவிக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். உதடு, நாக்கு வீங்குவது, மூச்சு இழுப்பது, வாந்தி, மயக்கம் கண்டால், அல்லது சின்னப் பிள்ளைக்குப் பத்துக்கு மேல் கொட்டியிருந்தால், உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸ். அது இலவசம். தோட்டம், டிவிசன், எந்தச் சந்தியிலிருந்து எந்தப் பக்கம் என்று சொல்லி, பெரிய ரோட்டில் ஒருவரை நிறுத்துங்கள்.

கேள்வி: சோடாப் போத்தலில் வைத்திருந்த மண்ணெண்ணெய்யைப் பிள்ளை குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: கூடவே கூடாது. வாந்தியோடு மண்ணெண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். வயிற்றில் இருப்பதைவிட அதுதான் ஆபத்து. நனைந்த உடுப்பைக் கழற்றித் தோலைக் கழுவுங்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்றே மண்ணெண்ணெய்யையும் புல்லு மருந்தையும் குடிக்கிற போத்தலிலிருந்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் மூடாமல் விட்ட தண்ணீர்க் குழியில் விழுந்து நாலு வயதுப் பிள்ளை இறந்தது. சாவுச் செலவுக்குப் பணம் கொடுத்து, ‘விதி’ என்று எல்லாரும் முடித்துவிட்டார்கள். பணம் வாங்கியதால் இனி ஒன்றும் கேட்க முடியாதா?
– வாசகர், நுவரெலியா மாவட்டம்

பதில்: கேட்கலாம். சாவுச் செலவுக்கு வாங்கிய பணம் பிள்ளையின் உயிருக்கு விலை ஆகாது. கவனயீனத்தால் மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி குற்றம். வீட்டார் எழுதிக்கொடுத்த ரசீது அந்தக் குற்றத்தை அழிக்காது.

இப்படியான மரணங்களில் திடீர் மரண விசாரணை நடக்கும். பெரும்பாலும் வீட்டார் அழுதுகொண்டே ‘எங்களுக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை’ என்று ஒரு வரி சொல்லிக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த ஒரு வரிதான் பின்னால் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறது. சந்தேகம் இல்லை என்றாலும், குழி எத்தனை மாதமாகத் திறந்து கிடந்தது, யார் வெட்டியது, மூடச் சொல்லி யார் யாரிடம் எப்போது சொன்னார்கள் என்பதை வாக்குமூலத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

அது நடந்து முடிந்துவிட்டது என்றால், விசாரணை அறிக்கையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை நீதவான் நீதிமன்றப் பதிவகத்தில் விண்ணப்பித்துக் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போனால், வழக்குரைஞருக்குக் காசு இல்லாதவர்களுக்கும் வழி சொல்வார்கள். குழியை மூடச் சொல்லி முன்பு கேட்டவர்களின் பெயர்களை இப்போதே எழுதி வையுங்கள். ஆறு மாதம் போனால் ஞாபகம் மங்கும், ஆட்களும் தோட்டம் மாறிப் போவார்கள்.

குழி இன்னும் திறந்திருந்தால் இன்றைக்கே படம் எடுங்கள். ஆழம் தெரிய உள்ளே ஒரு மண்வெட்டியை நிறுத்தி ஒன்று, லயமும் குழியும் ஒரே படத்தில் வரும்படி தூரத்திலிருந்து ஒன்று. அதற்குப் பிறகு, யார் வருகிறார்கள் என்று காத்திருக்காமல், நாலு பேர் சேர்ந்து பலகையும் முள்ளும் போட்டு அடைத்துவிடுங்கள். அந்த லயத்தில் நாலு வயதுக்குக் கீழே இன்னும் பிள்ளைகள் இருப்பார்கள்.