கேளுங்க சொல்றோம்: லைன்ல போறது பேச்சா, ஃபேக்ஸா?

கேள்வி: எங்க ஆபீஸ்ல ஒரே லைன்லதான் போனும் ஃபேக்ஸும். ஆள் கூப்பிட்டா மணி அடிக்குது, ஃபேக்ஸ்னா பேசாம பேப்பர் வந்து விழுது. எடுக்குறதுக்கு முன்னாடியே மெஷினுக்கு எப்படிங்க தெரியுது? (வாசகர், சிவகாசி)

பதில்: முன்னாடியே எல்லாம் தெரியாதுங்க. மெஷின்தான் முதல்ல லைனை எடுத்துடுது, எடுத்துட்டு காது குடுத்து கேக்குது. அனுப்புற ஃபேக்ஸ் 1100 ஹெர்ட்ஸ்ல அரை செகண்ட் கூவிட்டு 3 செகண்ட் சும்மா இருந்து மறுபடி கூவும். அது கேட்டா ஃபேக்ஸ், கேக்கலைன்னா ஆள்னு முடிவு பண்ணி மெஷினே மணி அடிக்குது. அதனாலதான் நீங்க எடுக்கலைன்னாலும் கூப்பிட்டவருக்கு காசு போயிடுது!

கேள்வி: நடுவுல இருக்குற டெலிபோன் கம்பெனிக்கு இது எதுக்கு தெரியணும்? (அதே வாசகர்)

பதில்: நல்லா கேட்டீங்க, காசுதான் காரணம். டிஜிட்டல் லைன்ல குரலை செகண்டுக்கு 8000 தடவை அளந்து ஒவ்வொண்ணையும் 8 பிட்டா எழுதுறாங்க, ஆக 64 கிலோபிட். அந்தக் காலத்துல கடலடி கேபிள்லயும் சாட்டிலைட்லயும் இவ்வளவு குடுக்க மனசு வரலை. பேச்சுன்னா 32 கிலோபிட்டுக்கு சுருக்கலாம், நாம பேசாத நேரத்துல அந்த இடத்தை வேற கால் எடுத்துக்கலாம் (இந்த இடைவெளி வித்தையை 1960-லயே அட்லான்டிக் கேபிள்ல போட்டுட்டாங்க). ஆனா செகண்டுக்கு 9600 பிட் அனுப்புற மோடம் (டேட்டாவை சத்தமா மாத்தி லைன்ல விடுற கருவி, ஃபேக்ஸுக்குள்ளயும் இதுதான்) போடுற சத்தத்தை 32-ல அடைச்சா உடைஞ்சுடும், அதுக்கு 40 வேணும். அதனால போறது என்னன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சாகணும்.

எப்படின்னா, பேச்சு ஏறும் இறங்கும் நிக்கும், உயிரெழுத்து வந்தா பலமெல்லாம் கீழ் அதிர்வெண்ல குவியும், "ஸ்"னு சொன்னா மேல ஓடும். மோடம் அப்படி இல்ல, ஒரே மட்டத்துல ஒரே குணத்துல இரைஞ்சுகிட்டே இருக்கும். அலையை ரெண்டு சாம்பிள் (செகண்டுக்கு 8000 தடவை எடுக்குற அந்த அளவு) தள்ளி வச்சு அதோடயே ஒப்பிட்டு, சத்தத்தோட ஏற்ற இறக்கத்தையும் அளந்துட்டா பெரும்பாலும் பிரிச்சிடலாம், ஒரு வார்த்தை கூட புரிய வேண்டாம். தவிர மறுமுனை மோடமோ ஃபேக்ஸோ எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸ்ல ஒரு டோன் விடும், அதை கேட்டாலே உஷாராயிடலாம்.

எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, ரெண்டு தப்பும் ஒரே தப்பு இல்ல. பேச்சை டேட்டான்னு நெனச்சா கொஞ்சம் இடம் வேஸ்ட், அவ்வளவுதான், டேட்டாவை பேச்சுன்னு நெனச்சா ஃபேக்ஸ் பக்கமே போச்சு. அதனால சந்தேகம்னா டேட்டான்னு வச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

கேள்வி: பேசிட்டு இருக்கும்போதே சில சமயம் "தவறான எண்ணை அழுத்திவிட்டீர்கள்"னு சொல்லுது, நான் எதையும் தொடவே இல்லையே? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: உங்க குரல் பட்டனா நடிச்சிருக்கும் மேடம். 5-ஐ அழுத்தினா 770-ம் 1336-ம் ஹெர்ட்ஸ் சேர்ந்து வரும், ஒவ்வொரு பட்டனுக்கும் இப்படி ஒரு ஜோடி. கோர்ட்செல்னு ஒருத்தர் 1958-ல சொன்ன கணக்கை வச்சு அந்த எட்டு அதிர்வெண்ணை மட்டும் தேடுறாங்க, 205 சாம்பிள், அதாவது 25.6 மில்லிசெகண்ட் கேட்டாலே போதும். குரல்ல எல்லா அதிர்வெண்ணும் இருக்கே, எப்பவாச்சும் ஜோடி பொருந்திடும். நல்ல சிஸ்டம்னா ரெண்டு மடங்கு அதிர்வெண்லயும் சத்தம் இருக்கான்னு பாக்கும், இருந்தா குரல்னு தள்ளிடும்.

கேள்வி: இன்டர்நெட் போனுக்கு மாறினதுல இருந்து ஃபேக்ஸ் பாதில நிக்குது. (வாசகர், ஈரோடு)

பதில்: ஜி.729 மாதிரி 8 கிலோபிட் கோடெக்ல (குரலை சுருக்குற முறை) குரல் மட்டும்தான் பிழைக்கும். கம்பெனில டி.38 (இன்டர்நெட்ல ஃபேக்ஸ் அனுப்பவே இருக்குற முறை) இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா ஜி.711 (மேல சொன்ன 64 கிலோபிட் முறை) போடச் சொல்லிட்டு ஃபேக்ஸ் வேகத்தை 9600-க்கு இறக்கிப் பாருங்க.